அருணா வைத்த செடிகள்

திருவரங்குளம்
12 ஆகஸ்ட் 2024

அமுதவல்லி அக்காவுக்கு,

வணக்கம். என்னை நீங்கள் பார்த்ததில்லை, ஆனால் என் பெயரைக் கேள்விப்பட்டிருப்பீர்கள். நான் சிவரஞ்சனி. உங்கள் தங்கை அருணா வாழ்ந்த வீட்டுக்கு அவர்களுக்குப் பிறகு வந்தவள். அரவிந்த்குமாரின் இரண்டாவது மனைவி என்று எழுதினால் நேராக இருக்கும். எழுதிவிட்டேன்.

போன் செய்தேன். எடுத்தீர்கள். யார் என்று சொன்னதும் ஒரு வார்த்தை பேசாமல் வைத்துவிட்டீர்கள். அதற்குப் பிறகு அந்த நம்பர் போகவே இல்லை. புதுக்கோட்டை பஸ் ஸ்டாண்டில் பூக்கடை வைத்திருக்கும் சந்தனம் அக்காதான், "அமுதவல்லி வாரா வாரம் இங்கிட்டுத்தான் வரும், எழுதிக் குடு, நான் சேத்துர்றேன்" என்றார்.

விஷயம் இதுதான். இந்த வீட்டின் பின்னால் உங்கள் தங்கை வைத்த தோட்டம் இருக்கிறது. கிணற்றிலிருந்து வேலி வரைக்கும். நந்தியாவட்டை, செம்பருத்தி, இட்லிப்பூ, தங்க அரளி, மனோரஞ்சிதக் கொடி, இடையில் எங்கு பார்த்தாலும் நித்தியகல்யாணி. ஒன்றுகூட இலை உதிர்க்கிற ஜாதி இல்லை. நான் கல்யாணமாகி வந்து இரண்டு வருஷம் ஆகப்போகிறது. பூ இல்லாத ஒரு காலையை இங்கே நான் பார்த்ததில்லை. போன கோடையில் கிணறு வற்றி, குளிக்கவே லாரித் தண்ணீர் வாங்கினோம். செடிகளுக்கு யாரும் ஒரு சொம்பு ஊற்றவில்லை. அப்போதும் பூத்தது. செடி காய்ந்தால் வருத்தம் வரும். காயாமலே நின்றால் என்ன வரும் என்று எனக்கு அப்போதுதான் தெரிந்தது.

என் மகள் தவழ ஆரம்பித்துவிட்டாள். கையில் கிடைப்பதையெல்லாம் வாயில் வைக்கிறாள். அரளியும் நித்தியகல்யாணியும் விஷம் என்பது உங்களுக்குத் தெரியாததில்லை. அதனால் தோட்டத்தை எடுத்துவிடலாம் என்றிருக்கிறேன். அத்தையிடம் இன்னும் சொல்லவில்லை. என் வீட்டுக்காரர் மஸ்கட்டில் இருக்கிறார், அவரிடமும் சொல்லவில்லை. முதலில் உங்களிடம் கேட்க வேண்டும் என்று தோன்றியது. உங்களுக்கு எந்தச் செடியாவது வேண்டுமா?

பதில் எழுதுங்கள். திட்டியாவது எழுதுங்கள்.

சிவரஞ்சனி


குளத்தூர்
19 ஆகஸ்ட் 2024

சிவரஞ்சனிக்கு,

போனை வைத்தது நான்தான். அந்த வீட்டு ஆட்களோடு வாய் திறந்து பேசுவதில்லை என்று எங்கள் குலசாமி முன்னால் சூடம் அணைத்துச் சத்தியம் செய்திருக்கிறேன். எழுத மாட்டேன் என்று செய்யவில்லை. அன்றைக்கு அது தோன்றவில்லை. தோன்றியிருந்தால் அதையும் சேர்த்திருப்பேன்.

ஏன் சத்தியம் செய்தேன் என்று உனக்கு யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். அருணா செத்ததற்கு டெங்கு என்றார்கள். இருக்கட்டும், காய்ச்சலை யாரும் ஆள் வைத்து அனுப்பவில்லை. ஆனால் கருமாதி அன்று, பந்தல் பிரிக்கும் முன்பே, உன் மாமியார் அழகம்மாள் ஒரு சொந்தக்காரியிடம் சொன்னது என் காதில் விழுந்தது. "இத்தனை வருசம் இருந்தா. வயித்துல ஒரு புழு பூச்சி உண்டா? போனவ போனா. என் மகனுக்கு நல்ல எடமாப் பாரு." வருஷம் திரும்பும் முன்பே நல்ல இடம் கிடைத்துவிட்டது. நீதான்.

உன்மேல் எனக்குக் கோபம் இல்லை என்று பொய் எழுத மாட்டேன்.

தோட்டத்தைப் பிடுங்க நீ யார்? அந்த நந்தியாவட்டை எங்கள் அப்பா வீட்டுக் கிணற்றடியிலிருந்து போனது. அந்த வீட்டை விற்றுவிட்டோம், கிணற்றை வாங்கியவர்கள் மூடிவிட்டார்கள். செம்பருத்தியை அருணா திருமயத்தில் பஸ்ஸுக்கு நின்றபோது யார் வீட்டு வேலியிலோ ஒடித்தாள். கேட்டு வாங்கினால் வேர் பிடிக்காதாம், திருடி வைத்தால்தான் பிடிக்குமாம். போகிற ஊரிலெல்லாம் கையில் ஒரு குச்சியோடு வருவாள். மல்லிகையை மட்டும் சேர்க்க மாட்டாள். "ரெண்டு மாசம் பூத்துட்டு மத்த நாளெல்லாம் குச்சியா நிக்கிறதுக்கு யாரு தண்ணி ஊத்துறது? என் வீட்ல தெனம் ஒண்ணு பூக்கணும்க்கா" என்பாள். பார்த்துப் பார்த்து அப்படிப்பட்ட செடியாகவே சேர்த்தாள். தினம் ஒன்று ஏன் பூக்க வேண்டும் என்று நான் அப்போது கேட்கவில்லை. பிள்ளை இல்லாத வீடு. வேறு என்ன?

பிடுங்கித்தான் ஆக வேண்டுமென்றால் எல்லாவற்றிலும் எனக்குப் போத்து அனுப்பு. பென்சில் கனத்தில் முற்றிய குச்சியாகப் பார்த்துச் சாய்வாக வெட்டு. அடி இலையைக் கிள்ளு. ஈரச் சாக்கில் சுற்று. மனோரஞ்சிதம் மட்டும் குச்சியில் வராது. தாழ்ந்த கிளை ஒன்றை வளைத்து மண்ணுக்குள் புதைத்து மேலே கல் வைத்துவிடு. அது தாயோடு இருந்தபடியே தனியாக வேர் விடும். மாசக்கணக்கில் ஆகும். அதுவரை அந்தக் கொடியில் நீ கை வைக்கக் கூடாது.

அமுதவல்லி


திருவரங்குளம்
2 செப்டம்பர் 2024

அக்கா,

சாக்கு மூட்டை வந்து சேர்ந்ததா? குச்சிகள் கொஞ்சம் கோணல்மாணலாக இருக்கும். மனோரஞ்சிதக் கிளையை வளைத்துப் புதைத்துவிட்டேன். ஆட்டுக்கல்லின் குழவியைத் தூக்கி மேலே வைத்திருக்கிறேன்.

உங்களிடம் முழுவதையும் சொல்லவில்லை. அரளியைச் சொன்னது உண்மைதான், ஆனால் அதற்காக மட்டும் இல்லை.

நடுவீட்டில் உங்கள் தங்கையின் படம் இருக்கிறது. அத்தை தினமும் விடிந்ததும் தோட்டத்துப் பூவைப் பறித்து அந்தப் படத்துக்கு வைக்கிறார். மிச்சம் இருந்தால் சாமிக்கு. எனக்கு என்று அந்தத் தோட்டத்திலிருந்து ஒரு பூ வந்ததில்லை, நானும் பறித்ததில்லை. அதை ஒரு குறையாக எழுதவில்லை. மூத்தவருக்குப் போகட்டும் என்று பேசாமல்தான் இருந்தேன்.

போன அக்டோபரில் எனக்கு மகள் பிறந்தாள். நறுமுகை என்று பெயர் வைத்தோம். காலேஜில் படிக்கும்போதே யோசித்து வைத்திருந்த பெயர். அத்தைக்குப் பிடிக்கவில்லை. "நறுமுகையாம், வாயில நொழையுதா பாரு. மாத்திரை பேரு மாதிரி இருக்கு" என்றார். சிரித்தேன். அப்புறம் குழந்தையைக் குளிப்பாட்டும்போது பிடரியில் முடிக்குக் கீழே ஒரு மச்சம் இருப்பதைப் பார்த்தார். தண்ணீர்ச் சொம்பைக் கீழே போட்டுவிட்டார். உங்கள் தங்கைக்கும் அதே இடத்தில் மச்சம் இருந்ததாம். "வந்துட்டா. பிள்ளை வேணும் பிள்ளை வேணும்னு கெடந்தவ, பிள்ளையாவே வந்துட்டா" என்று அழுதார்.

அன்றிலிருந்து என் மகள் அருணா.

நான் ஆலங்குடியில் ஒரு ஸ்கூலில் கம்ப்யூட்டர் டீச்சர். பகலெல்லாம் குழந்தை அத்தையிடம்தான். சாயங்காலம் திரும்பி வந்தால் குழந்தையின் கொண்டையில் நந்தியாவட்டை சொருகி, மனோரஞ்சிதக் கொடிக்குக் கீழே மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். மனசில் எதை நினைக்கிறோமோ அந்த வாசம் மனோரஞ்சிதத்தில் வரும் என்பார்களே. அத்தைக்கு அதில் சீயக்காய் வாசம் வருகிறதாம், அருணா அக்கா தலைக்குத் தேய்க்கிற சீயக்காய். எனக்கு எந்த வாசமும் வருவதில்லை.

போன வாரம் ஒன்று நடந்தது. யாரிடமும் சொல்லவில்லை. அத்தை கடைக்குப் போயிருந்தார். குழந்தை முதுகைக் காட்டிக்கொண்டு விளையாடிக்கொண்டிருந்தாள். நறுமுகை என்று கூப்பிட்டேன். திரும்பவில்லை. இன்னும் சத்தமாகக் கூப்பிட்டேன். திரும்பவில்லை. அப்புறம், எனக்கே கேட்காத குரலில், அருணா என்றேன்.

திரும்பி என்னைப் பார்த்துச் சிரித்தாள், அக்கா.

பெற்றவளுக்குத் தன் பிள்ளையைப் பார்த்துப் பயம் வரலாமா? எனக்கு வந்தது.

உங்களைக் கேட்பது ஒன்றுதான். அருணா அக்காவை உங்களைவிட யாருக்குத் தெரியும்? இது அவள் இல்லை என்று நீங்கள் ஒருவர் சொன்னால் போதும். அத்தை கேட்பார். வேறு யார் சொன்னாலும் கேட்க மாட்டார்.

சிவரஞ்சனி


குளத்தூர்
9 செப்டம்பர் 2024

சிவரஞ்சனிக்கு,

மூட்டை வந்தது. கற்றாழைச் சாற்றில் தொட்டு எல்லாவற்றையும் நட்டுவிட்டேன்.

உன் கடிதத்தைப் படித்துவிட்டு முதலில் சிரித்தேன். புழு பூச்சி இல்லை என்று சொன்ன வாய், இப்போது பிள்ளையாகவே வந்துவிட்டாள் என்கிறதா? நன்றாக இருக்கிறது நியாயம்.

அப்புறம் இன்னொரு தடவை படித்தேன்.

கோபித்துக்கொள்ளாதே, ஒன்று கேட்கிறேன். அந்த மச்சம் நடுவில் இருக்கிறதா, இடது பக்கம் தள்ளி இருக்கிறதா? தூங்கும்போது குப்புறப் படுக்கிறதா? விரல் சூப்பினால் கட்டை விரலா, நடு இரண்டு விரலா? தயிர்ச் சோறு கொடுத்தால் துப்புகிறதா?

கூட ஒரு பொட்டலம் இருக்கும். கொலுசு. பிள்ளைக்குத்தான். அளவு தெரியாது, குத்துமதிப்பாக வாங்கினேன்.

நீ கேட்டதைப் பற்றிப் பிறகு எழுதுகிறேன்.

அமுதவல்லி


திருவரங்குளம்
3 அக்டோபர் 2024

அக்கா,

இத்தனை நாள் எழுதாமல் இருந்ததற்குக் கோபம்தான் காரணம். நான் உங்களிடம் கேட்டது ஒரே ஒரு 'இல்லை'. நீங்கள் கொலுசு அனுப்பியிருக்கிறீர்கள்.

பொட்டலத்தைப் பிரித்தது அத்தை. யார் கொடுத்தது என்று சந்தனம் அக்கா வாயிலிருந்து ஏற்கெனவே வாங்கிவிட்டார். "பாத்தியா, பெறந்த வீட்டுக்கே தெரிஞ்சுபோச்சு. கூடப் பெறந்தவளுக்கு ரெத்தம் பேசாதா?" என்று தெருவெல்லாம் சொல்லிவிட்டார். கொலுசு அளவாக இருக்கிறது. அதையும் சொன்னார்.

நீங்கள் கேட்ட எதற்கும் நான் பதில் எழுதப் போவதில்லை. பதில் தெரிந்துகொள்ளக் கூடாது என்று குழந்தை தூங்கும்போது அவள் கையைப் பார்ப்பதையே விட்டுவிட்டேன்.

தை மாதம் காது குத்துகிறார்கள். அவர் லீவு எடுத்து வருகிறார். என் அண்ணன் சந்தோஷ்குமார் தோட்டுக்குச் சொல்லிவிட்டார், தாய்மாமன் மடி அவர் மடிதானே. ஆனால் அத்தை, உங்கள் தம்பி செம்மல் மடியில்தான் உட்கார வைக்க வேண்டும் என்கிறார். உட்கார வைத்து, அருணா அருணா என்று காதில் மூன்று தடவை சொல்லி, அதையே பெயராக்கிவிட வேண்டுமாம். என் வயிற்றில் பிறந்த பிள்ளைக்கு வேறொருத்தியின் தம்பி மாமனா? வீடியோ காலில் அவரிடம் அழுதேன். "அம்மா எவ்வளவு வருசம் கழிச்சு சிரிக்கிறாங்க, விடேன் ரஞ்சனி. ஒரு பேருதான" என்றார். ஒரு பேருதான் என்று சொல்லிவிட்டு அவர் திரையில் குழந்தையையே பார்த்துக்கொண்டிருந்தார். அப்படி அவர் என்னை ஒருநாளும் பார்த்ததில்லை. அது அப்பா பிள்ளையைப் பார்க்கிற பார்வைதான் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பல தடவை சொல்லிக்கொண்டேன்.

அன்று விடிவதற்குள் தோட்டத்துக்குப் போய்ப் பூ, மொட்டு ஒன்று விடாமல் பறித்துக் கிணற்றில் போட்டேன். படம் அன்றைக்குச் சும்மா இருந்தது. அத்தை படத்தையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார், அவ்வளவுதான். மறுநாள் காலையில் போய்ப் பார்த்தேன். நான் கிள்ளிய கணுவிலேயே பூத்திருந்தது. மொட்டாகக்கூட எதையும் விட்டதாக எனக்கு நினைவு இல்லை.

அன்று சாயங்காலம் குழந்தைக்குக் காய்ச்சல் அடித்தது. டாக்டர் பல் முளைக்கிற காய்ச்சல் என்றார். அத்தை, "அவ பூவப் பறிச்சா அவளுக்குக் காயாதா?" என்றார். நான் பி.எஸ்சி. படித்தவள், அக்கா. படத்துக்கு முன்னால் விழுந்து, தெரியாமல் செய்துவிட்டேன், மன்னித்துவிடுங்கள் என்று கும்பிட்டேன். என் மடியில் காய்ச்சலோடு கிடந்தது யார் என்று அந்த நிமிஷம் கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பேன் என்று எனக்கே தெரியவில்லை.

சிவரஞ்சனி


குளத்தூர்
16 நவம்பர் 2024

சிவரஞ்சனி,

உனக்குத் தெரியாமல் உன்னைப் பார்த்துவிட்டேன்.

பிரதோஷத்துக்கு நீ குழந்தையைத் தூக்கிக்கொண்டு திருவரங்குளம் கோயிலுக்கு வருவாய் என்று சந்தனம் சொன்னாள். பஸ் ஏறி வந்தேன். தூணுக்குப் பின்னால் நின்றேன். கண்ணுக்குக் கீழே கருப்புத் தட்டிப் போயிருக்கிறாய். சாப்பிடுகிறாயா இல்லையா? கூப்பிட வாய் வரைக்கும் வந்தது. சத்தியம் இருக்கிறதே, பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன்.

பிள்ளையைப் பார்க்கத்தான் வந்தேன். மறைக்க மாட்டேன். நீ 'இல்லை' என்று எழுதச் சொன்னாய். எனக்கு 'ஆமாம்' தேவைப்பட்டது. அந்தக் கேள்விகளை அதற்காகத்தான் கேட்டேன். எங்கள் அம்மா வயலுக்குப் போனால் அருணாவை இடுப்பில் வைத்துத் திரிந்தது நான்தான். எனக்கே அப்போது பத்து வயசு நிறைந்திருக்காது. அந்தக் கனம் இன்னும் என் இடுப்பில் இருக்கிறது. தூக்க வேண்டாம், பார்த்தாலே தெரிந்துவிடும் என்று வந்தேன்.

தெரிந்துவிட்டது.

உன் மகள் முன்னால் நின்ற பெரியவர் கண்ணாடியைப் பிடுங்கினாள். அவர் வாங்கிக்கொண்டதும் கத்தினாள் பார், குருக்களே மந்திரத்தை நிறுத்திவிட்டார். உன் முடியை இழுத்தாள், பக்கத்துப் பிள்ளை கையில் இருந்த சுண்டலை அள்ளினாள். அருணா யாரிடமும் எதையும் பிடுங்கினதில்லை. கையில் கொடுத்தால்கூட நம் முகத்தைப் பார்த்துவிட்டுத்தான் வாங்குவாள். இடுப்பில் இருந்தால் தலையை ஒரு பக்கமாகச் சாய்த்துக்கொண்டு சும்மா கிடப்பாள், இருக்கிறாளா என்று தொட்டுத் தொட்டுப் பார்க்க வேண்டும்.

இது வேறு பிள்ளை. முழுசாக வேறு பிள்ளை. பேர் சொன்னால் திரும்புகிறது என்று பயந்தாயே, உன் மாமியார் நாளெல்லாம் அந்தப் பேரைச் சொல்லித்தானே சோறு ஊட்டுகிறாள்? திரும்பாமல் என்ன செய்யும்? படித்தவள்தானே நீ.

நீ அனுப்பிய குச்சிகள் அத்தனையும் துளிர்த்துவிட்டன. குச்சியில் வருவது வேறு செடி இல்லை, அதே செடிதான். அவள் நட்ட அதே நந்தியாவட்டைதான் இப்போது என் வாசலில் நிற்கிறது. உன் பிள்ளை அப்படி வந்ததில்லை. அது விதையில் வந்தது, தன் இஷ்டத்துக்கு வளரும்.

திரும்பி வருகிற பஸ்ஸில் ஜன்னலைப் பார்த்துக்கொண்டே அழுதேன். அவள் செத்த அன்று அப்படி அழவில்லை. அன்று கோபம் இருந்தது, இன்று அதுவும் இல்லை.

இதை உன் மாமியாரிடம் சொல்லச் சொல்லாதே. அந்த நினைப்பு என் கையிலிருந்து போனபோது எனக்கு எப்படி இருந்தது என்று எனக்குத் தெரியும். அவளுக்கு அதைச் செய்ய எனக்கு மனசு வரவில்லை. எனக்கே ஆச்சரியமாக இருக்கிறது.

அமுதவல்லி


திருவரங்குளம்
11 டிசம்பர் 2024

அக்கா,

உங்கள் கடிதத்தை எத்தனை தடவை படித்தேன் என்று எண்ணவில்லை. முழுசாக வேறு பிள்ளை என்ற வரிக்கு அடியில் நகத்தால் கோடு போட்டு வைத்திருக்கிறேன். சாப்பிடுகிறேன். கவலைப்படாதீர்கள்.

ஆனால் எனக்குத் தெரிந்தால் மட்டும் போதாது. தை பிறக்கப் போகிறது. அத்தைக்கு நினைப்பைப் பிடுங்காமல் என் பிள்ளையை மட்டும் வாங்க வேண்டும். யோசித்துக்கொண்டே இருந்தேன். வழியைக் காட்டியதே அத்தைதான், அவருக்கே தெரியாமல்.

எதிர்வீட்டில் போன வெள்ளிக்கிழமை படைப்பு. சுமங்கலியாகப் போன அவர்கள் பெரியம்மாவுக்குச் சேலை வைத்துக் கும்பிட்டார்கள். திரும்பி வரும்போது அத்தை பெருமூச்சு விட்டார். "நம்ம வீட்லயும் ஒரு படைப்புப் போட்டிருக்கணும். பெறந்த வீட்டுச் சேலை இல்லாம எங்கிட்டுப் போடுறது? அவ அக்காதான் மூஞ்சில முழிக்க மாட்டேன்னு போயிட்டாளே" என்றார்.

அருணா அக்காவுக்கு இந்த வீட்டில் இதுவரை படைப்பே போடவில்லையா என்று கேட்டேன். இல்லையாம். பிறந்த வீட்டுப் பெண் சேலை கொண்டுவந்து, பெயர் சொல்லிக் கூப்பிட்டு உட்கார வைக்க வேண்டுமாம். அப்போதுதான் வீட்டுச்சாமி. அதுவரை வாசலுக்கும் வீட்டுக்கும் நடுவில் நிற்பாளாம். "அப்ப படைப்புப் போட்டு சாமியாயிட்டா, அதுக்கப்புறம் அவங்க எங்கயும் போய்ப் பெறக்க மாட்டாங்களா அத்தே?" என்று கேட்டேன். சாதாரணமாகக் கேட்கிற மாதிரிதான் கேட்டேன். "சாமியா இருக்கிறவ எதுக்குடி போய்ப் பெறக்கிறா?" என்றார்.

அக்கா, புரிகிறதா? ஒன்று சாமி, இல்லாவிட்டால் பிள்ளை. இரண்டாகவும் இருக்க முடியாது. இது அத்தையே சொல்கிற கணக்கு.

சேலை கொண்டு வருவீர்களா? காது குத்துவதற்கு முந்தின வெள்ளிக்கிழமை. உங்கள் சத்தியம் எனக்குத் தெரியும். எதைக் கேட்கிறேன் என்றும் தெரியும்.

படைத்த சேலையைப் பின்னால் வந்தவள்தான் கட்டிக்கொள்ள வேண்டுமாம். அத்தை அதையும் சொன்னார், கொஞ்சம் தயங்கி. பல பேர் பயந்துகொண்டு கட்ட மாட்டார்களாம், கட்டினால் மூத்தவள் அவள் மேல் வந்து இருந்துகொள்வாள் என்று. நான் கட்டிக்கொள்கிறேன். இருக்க இடம் வேண்டுமென்றால் என்மேல் இருக்கட்டும். என் பிள்ளையை விட்டுவிடட்டும்.

சிவரஞ்சனி


குளத்தூர்
2 ஜனவரி 2025

ரஞ்சனி,

பதில் எழுத உட்கார்ந்து உட்கார்ந்து எழுந்துவிட்டேன். கோபம் ஒன்றுதான் எனக்கு அவள் வீட்டிலிருந்து மிச்சமாக வந்தது. அதையும் கொடு என்கிறாய்.

அந்த வீட்டு ஆட்களோடு பேச மாட்டேன் என்றுதான் சத்தியம். அருணாவோடு பேச மாட்டேன் என்று இல்லை. வருகிறேன். அவளோடு மட்டும்தான் பேசுவேன். உன் மாமியார் வாங்க என்று கூப்பிட்டாலும் பதில் சொல்ல மாட்டேன், முதலிலேயே சொல்லிவிடு.

சேலை கடையில் எடுக்க வேண்டியதில்லை. பீரோவில் இருக்கிறது. பச்சை. கல்யாணமான வருஷமே அவள் வளைகாப்புக்கு என்று நான் எடுத்து வைத்தது. மடிப்புக் கலையவில்லை. அந்துருண்டை வாசம் அடிக்கும், வெயிலில் போடுகிறேன்.

அவளுக்குக் கருவாட்டுக் குழம்பு பிடிக்கும். சாமிக்கு ஆகாது என்று யாராவது சொன்னால் நான் எழுந்து வந்துவிடுவேன்.

அமுதவல்லி


திருவரங்குளம்
20 பிப்ரவரி 2025

அக்காவுக்கு,

நீங்கள் போனதிலிருந்து எழுத வேண்டும் என்று இருந்தேன். காது குத்து, விருந்து, அவர் மறுபடி மஸ்கட் போனது என்று நாள் ஓடிவிட்டது.

படைப்பன்று நடந்ததை உங்களுக்கே சொல்ல வேண்டுமா என்று சிரிப்பீர்கள். நீங்கள் படத்தின் முன்னால் கண்ணை மூடிக்கொண்டிருந்தீர்கள். உங்கள் முதுகுக்குப் பின்னால் நடந்தது உங்களுக்குத் தெரியாது, அதை எழுதுகிறேன். அத்தை உங்களைப் பார்த்து, "வா அமுதா" என்றார். நீங்கள் திரும்பாமல், "அருணா, ஒங்க மாமியா கூப்புடுது, வந்துட்டேன்னு சொல்லு" என்றீர்களே, அப்போது பின்னால் நின்றவர்களில் பாதிப் பேர் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். அத்தை சிரிக்கவில்லை. முந்தானையை இடுப்பில் சொருகிக்கொண்டு, அவரும் படத்தைப் பார்த்து, "அருணா, ஒங்க அக்காகிட்டச் சாப்புட்டுத்தான் போகணும்னு சொல்லு" என்றார். இரண்டு பேரும் அப்படியே அவளை நடுவில் வைத்துப் பேசியபோது, அவள் அங்கே உட்கார்ந்து இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திரும்பித் திரும்பிப் பார்க்கிற மாதிரி எனக்கு இருந்தது.

அப்புறம் நீங்கள் சேலையைப் பலகையில் வைத்துச் சொன்னீர்கள். "அருணா, ஒங்க அத்தைகிட்டச் சொல்லு. ஒன்னையப் பிள்ளை இல்லாதவன்னு சொன்னாங்கன்னு நீ பிள்ளையா வரல. ஒனக்கு அந்தக் குறை வேண்டாம். நீ இந்த வீட்டுச் சாமி. இங்கயே இரு. வேற எங்கிட்டும் போகாத." அத்தை தூணைப் பிடித்துக்கொண்டு அப்படியே கீழே உட்கார்ந்தார். அவர் முகத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும், அக்கா. அடி வாங்கின முகம் இல்லை. ஒரு கனத்தை இறக்கி வைத்தவர் முகம்தான் அது. "நான் அன்னைக்கு அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது ஆத்தா" என்று முனகினார். யாரிடம் சொன்னார் என்று தெரியவில்லை. உங்களிடமா, படத்திடமா. எது ஆனாலும் உங்களிடம் சேர்த்துவிடுகிறேன்.

காது குத்தும்போது என் அண்ணன் மடியில்தான் உட்கார்ந்தாள். நறுமுகை என்றுதான் காதில் சொன்னார்கள். ஆசாரி கையைக் கடித்துவிட்டாள். அத்தை இப்போது 'நறுமூ, நறுமூ' என்று கூப்பிடுகிறார், அதற்குமேல் அவர் வாயில் வரவில்லை. போதும் எனக்கு. படத்துக்குப் பூ வைப்பது நிற்கவில்லை, ஆனால் இப்போது கையில் கொஞ்சம் மிச்சம் வைத்துக்கொண்டு வந்து, "இந்தா, தலையில வையி" என்கிறார். வைத்துக்கொள்கிறேன்.

தோட்டத்தை எடுக்கவில்லை. அரளியையும் நித்தியகல்யாணியையும் மட்டும் வேலிக்கு அந்தப் பக்கம் மாற்றினேன். மனோரஞ்சிதப் பதியன் வேர் விட்டுவிட்டது. தாய்க்கொடியிலிருந்து வெட்டித் தொட்டியில் வைத்திருக்கிறேன், அடுத்த வாரம் சந்தனம் அக்கா கடையில் இருக்கும். அதில் எனக்கும் இப்போது வாசம் வருகிறது. என்ன வாசம் என்று எழுத மாட்டேன்.

பச்சைச் சேலையை அன்றைக்கே கட்டினேன். நன்றாக இருக்கிறது என்று எல்லாரும் சொன்னார்கள். அவர் பார்த்துவிட்டு வாசலுக்குப் போய் நின்றார். ஊருக்குப் போகும் வரை என் முகத்தைப் பார்த்துப் பேசினார், அதற்கு முன்பு பேசாத மாதிரி. அது எனக்கா என்று கேட்டுக்கொள்ள மாட்டேன் என்று வைத்திருக்கிறேன்.

துவைத்து மடித்த பிறகு நேற்றுத்தான் இரண்டாவது தடவை அந்தச் சேலையைக் கட்டினேன். ஸ்கூல் லீவு. காலையில் செம்பருத்திக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தேன். நறுமுகை என் காலடியில் மண்ணைக் கிளறிக்கொண்டிருந்தாள். அத்தை அடுப்படியிலிருந்து கூப்பிட்டார்.

"அருணா, பூவப் பறிச்சிட்டியாத்தா?"

"இந்தா, வாரேன் அத்தே" என்றேன்.

பாதி வழி நடந்த பிறகுதான் என்ன பெயருக்குப் பதில் சொன்னேன் என்று உறைத்தது. திரும்பிப் பார்த்தேன். நறுமுகை தலையைக்கூடத் தூக்கவில்லை, அக்கா. அவள் பாட்டுக்கு மண்ணைக் கிளறிக்கொண்டிருந்தாள்.

சிவரஞ்சனி